வைக்கோலும் சர்க்கரையும்: எழுதுவோர் விட்டுவிடும் கணக்கு

மரத்தை மக்கச் செய்யும் பூஞ்சையின் துணைகொண்டு வைக்கோலையும் மரத்தூளையும் பழைய காகிதத்தையும் சர்க்கரையாக்கலாம், அதனால் உலகின் பசி நீங்கும் என்ற கருத்தை நீங்கள் எங்கேனும் படித்திருப்பீர்கள். பேச்சுப் போட்டி மேடைகளில் கேட்டிருப்பீர்கள். வினாத்தாளுக்கு விடையாக எழுதியும் இருக்கலாம். கேட்பதற்கு இனிமையான கருத்து இது. இதில் உண்மையும் உண்டு. ஆயினும், இது சொல்லப்படும் முறையில் பெருங்குறை ஒன்று இருக்கிறது. அந்தக் குறையை எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இயற்பியல் கற்பிப்பவனுக்குப் பூஞ்சையிடம் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். பூஞ்சையின் குலம், கோத்திரம் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லைதான். ஆனால் எவ்வளவு வெப்பம், எவ்வளவு நீர், எவ்வளவு ஆற்றல் என்று கேட்பது எங்கள் தொழில். நொதிகளைப் பற்றிய எழுத்துக்களில் பெரும்பாலும் விடுபட்டுப் போவது இந்தக் கணக்குத்தான்.

சொல்லில் தொடங்கும் குழப்பம்

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழில் ‘நொதித்தல்’ என்ற சொல்லும் ‘நொதி’ என்ற சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. அதனால் இரண்டும் ஒன்றே எனப் பலர் எண்ணுகின்றனர். இட்லி மாவு புளித்துப் பொங்குவதையும், பூஞ்சை நொதி பழக்கூழை இளக்குவதையும் ஒரே மூச்சில் எழுதிவிடுகின்றனர்.

இட்லி மாவு பொங்குவது உயிருள்ள நுண்ணுயிர்களின் செயல். அதில் முதன்மையானவை பாக்டீரியாக்கள். நொதி என்பது உயிரன்று. அது ஒரு புரதம். உயிர் அதனை உண்டாக்குகிறது. உண்டாக்கிய உயிர் இறந்த பின்பும் தகுந்த சூழலில் அது வேலை செய்யும். 1897ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் எட்வர்டு புக்னர் ஈஸ்ட் செல்களை அரைத்துப் பிழிந்து, உயிரில்லாத அந்தச் சாறே சர்க்கரையை நொதிக்கச் செய்வதைக் காட்டினார். 1907இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உயிரையும் அது உண்டாக்கும் கருவியையும் பிரித்துப் பார்க்க முடிந்ததால்தான் நொதித் தொழில் என்ற ஒன்றே வளர முடிந்தது. இந்த வேறுபாட்டை முதல் பத்தியிலேயே சொல்லாத கட்டுரை, மாணவனைத் தொடக்கத்திலேயே தடுமாறச் செய்கிறது.

கூடாரத்தை அரித்த பூஞ்சை

இனி வரலாற்றுக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரின்போது பசிபிக் பெருங்கடலில் உள்ள சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரங்களும் உடைமைகளும் விரைவில் மக்கிப் போயின. காரணம் தேடியவர்கள், மக்கிய துணியிலிருந்து பல பூஞ்சைகளைப் பிரித்தெடுத்தனர். அவற்றுள் ஒன்று டிரைக்கோடெர்மா. எல்வின் ரீஸ், மேரி மாண்டல்ஸ் ஆகியோர் அமெரிக்கப் படையின் ஆய்வகத்தில் பல்லாண்டுகள் அதனை ஆராய்ந்தனர். 1977இல் ரீஸின் நினைவாகவே அதற்கு டிரைக்கோடெர்மா ரீசி என்று பெயரிடப்பட்டது. இன்று தொழிற்சாலைகளில் வளர்க்கப்படும் இந்த இனத்தின் வகைகள் யாவும் அந்தத் தீவுகளில் கிடைத்த ஒரே மூலத்திலிருந்து பெருகியவை.

முதலில் நோக்கம் துணியைக் காப்பது. பின்னர் நோக்கம் தலைகீழாயிற்று. இவ்வளவு திறமையாகப் பருத்தியைக் கரைக்கும் பூஞ்சையைக் கொண்டு காகிதத்தையும் வைக்கோலையும் சர்க்கரையாக்கினால் என்ன என்ற கேள்வி எழுந்தது. 1973இல் பெட்ரோலிய நெருக்கடி வந்தபோது இக்கேள்விக்கு மதிப்பு உயர்ந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்து நேட்டிக் ஆய்வகத்தில் பழைய செய்தித்தாளை நன்றாக அரைத்து, நொதியிட்டு, குளுக்கோஸ் எடுத்துக் காட்டினர். நாம் தொடக்கத்தில் கண்ட கருத்து உலகமெங்கும் பரவியது இந்தக் காலத்தில்தான்.

ஆய்வு உண்மையானது, குளுக்கோஸும் உண்மையானது. ஆனால் ஆய்வகக் குடுவையில் நடந்ததை ஊரின் பசியோடு முடிச்சுப் போட்டவர்கள், இடையில் உள்ள படிகளைச் சொல்லவில்லை. அந்தப் படிகளை மறைப்பதற்குப் பயன்படும் மூன்று வாசகங்களை இப்போது ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதல் வாசகம்: பூட்டும் சாவியும்

நொதி என்றாலே பூட்டு, சாவி உவமை வந்துவிடும். 1894இல் எமில் ஃபிஷர் தந்த உவமை அது. நீரில் கரைந்துள்ள சிறிய மூலக்கூறு ஒன்று நொதியின் குழிவில் பொருந்துவதை விளக்க அது மிகவும் பொருத்தமானது. வைக்கோலுக்கு அது போதாது.

அரிசியின் மாவுச்சத்தும் வைக்கோலின் செல்லுலோஸும் குளுக்கோஸ் கோத்த மாலைகளே. கோக்கும் முறைதான் வேறு. மாவுச்சத்தில் மாலை சுருண்டுகொள்கிறது. சூடேற்றினால் நீர் புகுந்து கஞ்சியாகிறது. செல்லுலோஸில் ஒன்றுவிட்டு ஒரு குளுக்கோஸ் தலைகீழாகத் திரும்பியிருப்பதால் மாலை நேராக நீள்கிறது. நேரான மாலைகள் அடுக்கடுக்காக நெருங்கி, ஹைட்ரஜன் பிணைப்புகளால் இறுகிப் படிகமாகின்றன. நீருக்கே அங்கு நுழைய இடமில்லை. பல்லாயிரம் அணுக்களைக் கொண்ட நொதிக்கு ஏது இடம்?

ஆகவே இங்கு நொதி செய்யும் வேலை சாவியைத் திருகுவது போன்றதன்று. முறுக்கேறிய தேங்காய் நார்க் கயிற்றின் ஒரு புரியைப் பற்றி உருவுவது போன்றது. ஒரு நொதி மாலையை நடுவில் வெட்டி முனைகளை உண்டாக்குகிறது. இன்னொன்று அந்த முனையைத் தன் குகை போன்ற உடலுக்குள் இழுத்து, இரண்டிரண்டு குளுக்கோஸாகக் கத்தரித்துக்கொண்டே ஊர்கிறது. மூன்றாவது நொதி அந்த இரட்டைகளைப் பிரிக்கிறது. மூன்றாவது நொதி குறைவாக இருந்தால் இரட்டைகள் தேங்கி, இரண்டாம் நொதியின் வேலையையே தடுத்துவிடும். டிரைக்கோடெர்மாவிடம் இந்த மூன்றாம் நொதி போதுமான அளவு இல்லை. அதனால் ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் வேறொரு பூஞ்சையிலிருந்து எடுத்துச் சேர்ப்பதுண்டு.

2011இல் ஜப்பானிய அறிஞர் இகராஷியும் அவருடைய குழுவினரும் அணுவிசை நுண்ணோக்கியால் இந்த ஊர்தலை நேரடியாகப் படம் பிடித்தனர். நொதி மூலக்கூறுகள் நொடிக்குச் சில நானோமீட்டர் வேகத்தில் ஊர்கின்றன. முன்னே செல்லும் ஒன்று தடையில் சிக்கினால், பின்னே வருபவை வரிசையாக நின்றுவிடுகின்றன. குறுகிய தெருவில் அச்சு முறிந்து நின்ற மாட்டுவண்டிக்குப் பின்னால் மற்ற வண்டிகள் நிற்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நொதியை இரட்டிப்பாக்கினால் வேகம் ஏன் இரட்டிப்பாவதில்லை என்பதற்கு இது ஒரு விளக்கம். பூட்டும் சாவியும் மட்டுமே கற்ற மாணவனால் இதை ஊகிக்கவே முடியாது.

இன்னொன்றும் உண்டு. நீரைச் சேர்த்து மாலையை வெட்டும் நொதிகள் மட்டுமே இதில் உள்ளன என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 2010இலும் அதற்கு அடுத்த ஆண்டிலும் வெளியான ஆய்வுகள், தாமிர அணுவைத் தாங்கி, ஆக்சிஜனேற்றத்தால் படிகப் பரப்பையே வெட்டும் வேறொரு நொதி வகை உண்டு எனக் காட்டின. நூறாண்டுக்கு முந்தைய உவமையோடு பாடம் முடிந்துவிட்டதாக நாம் எழுதும்போது, இத்துறையில் இன்னும் வாசல்கள் திறந்துகொண்டிருப்பது மாணவனுக்குத் தெரியாமலே போகிறது.

இரண்டாம் வாசகம்: செலவாகாத பொருள்

நொதி ஒரு வினையூக்கி. வினை முடிந்தபின் அது மாறாமல் இருக்கும். எனவே சிறிதளவே போதும். இதுவும் பாடநூல் வாசகம். ஒரு மூலக்கூறு, ஒரு வினை என்று பார்த்தால் முற்றிலும் சரி. ஆலையில் நிற்பவருக்கு இது பாதி உண்மை.

வைக்கோலில் செல்லுலோஸோடு லிக்னின் என்னும் கெட்டியான பொருளும் கலந்திருக்கிறது. மரத்துக்கு வலிமை தருவது அதுவே. நொதிப் புரதங்கள் லிக்னினில் ஒட்டிக்கொண்டு வேலைக்கு உதவாமல் போகின்றன. வெப்பத்தாலும் கலக்கும் விசையாலும் சில உருக்குலைகின்றன. எஞ்சியவற்றைக் கூழிலிருந்து மீட்பதும் எளிதன்று. ஆய்வகச் சோதனைகளில் ஒரு கிலோ செல்லுலோஸுக்கு 10 முதல் 20 கிராம் வரை நொதிப் புரதம் இடுவது வழக்கம். அதாவது, 100 கிலோ செல்லுலோஸுக்கு ஒன்றிரண்டு கிலோ தூய புரதம்! அந்தப் புரதத்தை ஆக்கும் பூஞ்சைக்கும் தீனி வேண்டும், காற்று வேண்டும், தூய்மையான கலம் வேண்டும். செலவாகாத பொருள் என்று எழுதுகிறவர் இந்தச் செலவை எங்கே எழுதுவார்?

மூன்றாம் வாசகம்: அரிசியும் வைக்கோலும் ஒரே குளுக்கோஸ்

இதுதான் மிகவும் கவர்ச்சியான வாசகம். வாருங்கள், காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு கணக்கிடுவோம்.

வைக்கோலில் செல்லுலோஸ் ஏறத்தாழ நூற்றுக்கு 35 பங்கு என்று கொள்வோம். கோவையில் உள்ள ஒவ்வொரு குளுக்கோஸ் அலகின் எடை 162. நீர் 18 சேர்ந்தால் 180. ஆகவே 100 கிலோ செல்லுலோஸ் 111 கிலோ குளுக்கோஸ் தரவேண்டும். இதுவரை மகிழ்ச்சிதான்.

இப்போது 10 கிலோ வைக்கோல் தூளை 90 கிலோ நீரில் கலக்கிறோம். இதைவிடக் கெட்டியாக்கினால் கலக்குவதே கடினம். வைக்கோல் நீரை உறிஞ்சிக் களிபோல் ஆகிவிடும். அந்த 10 கிலோவில் செல்லுலோஸ் 3.5 கிலோ. ஒரு துளியும் வீணாகவில்லை என்று வைத்தாலும் கிடைக்கும் குளுக்கோஸ் 3.9 கிலோ. அதாவது, ஒரு கிலோ குளுக்கோஸுக்கு 23 கிலோ நீர்.

அந்த நீரை ஆவியாக்கினால்தான் சர்க்கரை கைக்கு வரும். ஒரு கிலோ நீரை ஆவியாக்கச் சுமார் 2,260 கிலோஜூல் உள்ளுறை வெப்பம் வேண்டும். 23 கிலோவுக்கு ஏறத்தாழ 52,000 கிலோஜூல். ஒரு கிலோ குளுக்கோஸை முழுவதும் எரித்தால் கிடைக்கும் ஆற்றல் எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ 15,600 கிலோஜூல். கிடைக்கும் உணவின் ஆற்றலைப் போல மூன்று மடங்குக்கும் மேலான வெப்பத்தை நீரை விரட்டவே செலவிடுகிறோம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான்.

நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும். சர்க்கரை ஆலைகளில் இருப்பது போன்ற பலகட்ட ஆவியாக்கிகள், ஒரு கலத்தின் நீராவியையே அடுத்த கலத்துக்கு அடுப்பாக்கி இச்செலவைப் பெரிதும் குறைக்கும். லிக்னினை எரித்தும் வெப்பம் பெறலாம். ஆயினும் செலவு சுழியாகாது. மேலும், நொதி இடுவதற்கு முன் வைக்கோலின் இறுக்கத்தைத் தளர்த்த வேண்டும். அதற்கு நீராவியோ அமிலமோ கொண்டு 160 முதல் 200 பாகை செல்சியஸ் வரை சூடாக்குவர். அப்போது வேண்டாத துணைப்பொருள்கள் உண்டாகும். உண்ணத் தகுந்த சர்க்கரை வேண்டுமானால் அவற்றை நீக்க வேண்டும். செய்தித்தாளை மிக நுண்ணியதாக அரைப்பதற்கும் மின்சாரம் வேண்டும். இவை ஒன்றும் இரகசியங்கள் அல்ல. ஆய்வாளர்களே தங்கள் கட்டுரைகளில் எழுதியவை. பொதுமக்களுக்காக எழுதும் நாம்தான் அவற்றை உதிர்த்துவிடுகிறோம்.

விளைவு என்ன? உணவு என்ற பேச்சு மெல்ல ஒதுங்கி, எரிபொருள் என்ற பேச்சு முன்வந்தது. எரிபொருளுக்குச் சர்க்கரையைத் தனியே பிரிக்க வேண்டாம். கூழிலேயே ஈஸ்ட்டை விட்டு ஆல்கஹாலாக்கலாம். அதிலும் பாதை கரடுமுரடானது. அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில் 2014இலும், அயோவா மாநிலத்தில் 2015இலும் திறக்கப்பட்ட பெரிய ஆலைகள் சில ஆண்டுகளுக்குள்ளேயே உற்பத்தியை நிறுத்தின. நம் நாட்டில் பானிப்பட்டில் நெல் வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலை 2022இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. முயற்சிகள் தொடரட்டும். ஆனால் அரை நூற்றாண்டுக்கு முன் சொல்லப்பட்ட பசி தீர்க்கும் சர்க்கரை இன்றும் சந்தைக்கு வரவில்லை என்பதைச் சொல்லாமல், பழைய வாக்குறுதியைப் புதிய செய்தி போல் எழுதுவது முறையா?

வெற்றி எங்கே இருக்கிறது?

அப்படியானால் உணவுத் தொழிலில் பூஞ்சை நொதிகள் தோற்றுவிட்டனவா? இல்லவே இல்லை. அவை வென்ற இடத்தை நாம் போதுமான அளவு எழுதவில்லை என்பதே என் இரண்டாவது குறை.

ஆப்பிள் சாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பழத்தின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் பசை பெக்டின். ஜாம் கெட்டிப்படுவது இதனால்தான். சாறு பிழிவோருக்கோ இது தொல்லை. நசுக்கிய கூழ் வழவழவென்று நீரைப் பிடித்துக்கொள்ளும். பிழிந்த சாறும் கலங்கலாகவே நிற்கும். 1930களிலிருந்து இதற்குப் பூஞ்சை நொதிகள் பயன்பட்டு வருகின்றன. ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்னும் கரும்பூஞ்சையிலிருந்து எடுத்த பெக்டினேஸ் கரைசலை, ஒரு டன் கூழுக்கு 100 கிராமைச் சுற்றிய அளவில் சேர்த்தாலே போதும். ஓரிரு மணி நேரத்தில் கூழ் இளகிச் சாறு கூடுதலாக வடிகிறது. வைக்கோலுக்குச் சொன்ன அளவோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்!

கலங்கல் தெளியும் விதம் இயற்பியல் மாணவர்களுக்கு நல்ல பாடம். சாற்றில் மிதக்கும் துகளின் உட்புறம் நேர்மின்னூட்டம் கொண்ட புரதம். வெளிப்புறம் எதிர்மின்னூட்டம் கொண்ட பெக்டின் போர்வை. ஒரே மின்னூட்டம் கொண்ட போர்வைகள் ஒன்றையொன்று விலக்குவதால் துகள்கள் சேர்வதில்லை. நொதி போர்வையில் ஆங்காங்கே கிழிசல் உண்டாக்குகிறது. ஒன்றின் கிழிசலில் தெரியும் புரதம் இன்னொன்றின் போர்வையை ஈர்க்கிறது. துகள்கள் திரண்டு பருக்கின்றன. ஸ்டோக்ஸ் விதிப்படி படியும் வேகம் ஆரத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம் அன்றோ? ஆரம் பத்து மடங்கானால் வேகம் நூறு மடங்கு. நாட்கணக்கில் மிதந்தது விரைவில் அடியில் படிந்துவிடுகிறது.

இங்கு நொதி எதையும் முழுவதுமாகக் கரைக்கவில்லை. சில இடங்களில் மட்டும் வெட்டியது. மீதியைப் பிழிபொறியும் புவியீர்ப்பும் செய்துகொண்டன. ஆக, பூஞ்சை நொதியின் பெருமை கட்டை நெகிழ்த்துவதில். முழுப்பொருளையும் உணவாக மாற்றும் சுமையை அதன் தலையில் ஏற்றும்போதுதான் கணக்கு உதைக்கிறது. பழத்துக்குச் செல்லுலோஸ் நொதியையும் சேர்த்துக் கூழ் முழுவதையும் திரவமாக்கவும் முடியும். ஆனால் அப்படிக் கிடைப்பதைப் பழச்சாறு என்று அழைக்கலாமா என்ற கேள்வி எழும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2001ஆம் ஆண்டுப் பழச்சாறு ஆணையில் பெக்டின், புரதம், மாவுச்சத்து ஆகியவற்றை உடைக்கும் நொதிகளுக்கே இடம் தரப்பட்டது. செல்லுலோஸ் நொதி அப்பட்டியலில் இல்லை. முடியும் என்பது வேறு, வேண்டும் என்பது வேறு.

வைக்கோல் யாருடையது?

வைக்கோலைக் கழிவு என்று எழுதுவதும் எனக்கு உடன்பாடில்லை. காவிரிப் படுகையில் வைக்கோல்போர் வைத்திருக்கும் வீட்டில் போய் அதைக் கழிவு என்று சொல்லிப் பாருங்கள்! மாடு அதைத் தின்று பாலாக்குகிறது. நாம் 200 பாகை வெப்பத்தில் செய்ய முயல்வதை, மாட்டின் முதல் இரைப்பை 39 பாகையில் செய்கிறது. அங்கே பாக்டீரியாக்களோடு பூஞ்சைகளும் வேலை செய்கின்றன. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் பூஞ்சை வாழாது என்று எண்ணியிருந்ததால், அவற்றின் நீந்தும் வித்துக்களை நெடுநாள் வேறு நுண்ணுயிர்கள் என்றே கருதிவந்தனர். 1975இல் காலின் ஆர்பின் அவை பூஞ்சைகளே எனக் காட்டினார்.

இன்னொரு வழியும் நம் கண்முன் இருக்கிறது. நனைத்து, வேகவைத்து, ஈரம் வடித்த வைக்கோலில் சிப்பிக் காளான் வித்தைத் தூவினால், அந்தப் பூஞ்சை தன் நொதிகளைத் தானே சுரந்து, செல்லுலோஸையும் லிக்னினையும் சிதைத்து, சில வாரங்களில் காளானாகப் பூக்கிறது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதற்கென்றே இனங்களை வெளியிட்டிருக்கிறது. நொதியைப் பிரித்தெடுக்க வேண்டாம். நீரை ஆவியாக்க வேண்டாம். காளானில் நூற்றுக்கு 90 பங்கு நீர் என்பதால் அது அரிசிக்கு ஈடாகாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆனால் வைக்கோலிலிருந்து பூஞ்சை வழியே உணவு என்ற சொற்றொடருக்கு இன்று உண்மையான பொருள் இதுவே. இதைப் பற்றி எழுதினால் கிராமத்து மாணவன் ஒருவன் செய்தே பார்க்கலாம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, காளான் உதவும்.

நான்கு கேள்விகள்

அறிவியலைத் தமிழில் எழுதுவோர் செய்யும் தொண்டைக் குறைத்து மதிப்பிடுவது என் எண்ணமன்று. இடம் குறைவு, சொற்கள் குறைவு, வாசகர் ஓடிவிடுவாரோ என்ற அச்சம் ஆகியவற்றுக்கு இடையில்தான் அவர்கள் எழுதுகின்றனர். ஆனால் தமிழில் படிக்கும் மாணவனுக்குப் பெரும்பாலும் வேறு நூல் கிடையாது. ஆங்கிலத்தில் ஒரு மிகைக் கூற்று வந்தால் அடுத்த மாதமே பத்து மறுப்புகள் வரும். தமிழில் வந்தால் அதுவே பாடமாகி, விடைத்தாளில் ஏறி, அடுத்த ஆசிரியரின் வாயிலும் புகுந்துவிடும். ஆகவே நம் பொறுப்பு கூடுதலானது.

மாணவர்களே, இனி எந்தப் புதுமையைப் பற்றிப் படித்தாலும் நான்கு கேள்விகள் கேளுங்கள். எவ்வளவு போட்டால் எவ்வளவு கிடைக்கிறது? அதற்கு எவ்வளவு ஆற்றலும் நீரும் செலவாகின்றன? குடுவையில் நடந்தது ஆலையிலும் நடந்ததா? மூலப்பொருளை இப்போது யார் பயன்படுத்துகிறார்கள்? நான்கிற்கும் விடை தரும் கட்டுரையை நம்பிப் படியுங்கள். விடை தராத கட்டுரையை, இக்கட்டுரை உட்பட, கையில் பென்சிலோடு படியுங்கள்.